குழந்தைகளுக்கென்று ஒரு கடல்

கடலில் குளிப்பது ஜப்பானியர்களிடம் முதலில் மருந்தாகத்தான் வந்து சேர்ந்தது. அது விளையாட்டாக மாறியது பிற்பாடு. சுற்றிலும் கடல் சூழ்ந்த தேசம் அது. ஆயினும் சுமார் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு வரையில், கடல் என்பது மீன் பிடிப்பதற்கும் உப்புக் காய்ச்சுவதற்கும் படகு விடுவதற்கும் ஏற்பட்டது என்றே ஜனங்களில் பெரும்பாலோர் நினைத்திருந்தார்கள். மெய்ஜி சக்கரவர்த்தியின் காலத்தில் மேல்நாட்டு வைத்தியம் கற்ற டாக்டர்கள், "கடல் ஸ்நானம் தேகத்துக்கு நல்லது, கடற்காற்று நுரையீரலுக்கு நல்லது" என்று எடுத்துச் சொல்லலானார்கள். ராணுவ வைத்தியராக விளங்கிய மாட்ஸுமோட்டோ ஜுன் என்பவரின் முயற்சியால் 1885-ஆம் ஆண்டில் ஓயிஸோ என்ற ஊரில் கடல் ஸ்நானத் துறை ஒன்று ஏற்பட்டது. டோக்கியோவுக்குத் தென்மேற்கே, ஸகாமி விரிகுடாவின் கரையில் இருக்கிறது அந்த ஊர்.

அதே ஸகாமி விரிகுடாவின் கீழ்க்கரையில், பெரிய கடலுக்குள்ளே ஒரு சின்னக் கடல்போல ஒதுங்கிக் கிடக்கும் வளைவு ஒன்று உண்டு. அதன் பெயர் ஜூஷி. சோற்றையும் மீனையும் சேர்த்துச் செய்யும் "சூஷி" என்ற பண்டத்துக்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. ஜப்பானியர்களைக் கேட்டால், "குழந்தை குட்டிகளுடன் போவதற்கு ஏற்ற கடற்கரை" என்று சொல்லுவார்கள். யோகோஹாமாவில் உத்தியோகம் பார்க்கும் எங்கள் தம்பியின் வீட்டுக்குச் சென்றிருந்த சமயம், ஜூலை மாதக் கடைசியில் ஒரு நாள் முழுவதையும் அந்தக் கரையில் கழிக்கும் பாக்கியம் எங்களுக்குக் கிட்டியது.

போர்க்கப்பலுக்கு வந்த ரயில்

ஜூஷிக்கு ரயில் வந்த கதை ரஸமானது. சற்றுத் தொலைவில் உள்ள யோகோஸுகா, ஜப்பானின் பெரிய கடற்படைத் துறைமுகம். அந்தத் துறைமுகத்துக்காக 1889-ல் ஒரு ரயில் பாதை போட்டார்கள். வழியில் கமாகுராவும் ஜூஷியும் ஸ்டேஷன்களாயின. போர்க்கப்பல்களை உத்தேசித்துப் போட்ட பாதையில் நோயாளிகளும், பணக்காரர்களும், எழுத்தாளர்களும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் வந்து இறங்கலானார்கள். அடுத்த ஊராகிய ஹயாமாவில் 1894-ல் அரச குடும்பத்தினரே ஒரு மாளிகை அமைத்துக்கொண்டார்கள். 1926-ஆம் ஆண்டு டிஸம்பர் 25-ந் தேதி டைஷோ சக்கரவர்த்தி காலமானதும், அவருடைய குமாரர் ஹிரோஹிட்டோ பட்டத்துக்கு வந்ததும் அந்த மாளிகையில்தான்.

இப்பொழுது டோக்கியோவிலிருந்து ஜூஷிக்குச் சுமார் ஒரு மணி நேரப் பிரயாணம். யோகோஹாமாவிலிருந்து அரை மணிக்குச் சற்று அதிகம் ஆகும். நாங்கள் ஏறிய வண்டியில் பாதிப் பேர் கடலுக்குப் போகிறவர்களே. காற்றடைத்த வளையம், பிளாஸ்டிக் வாளி, பூச்சி பிடிக்கும் வலை, அகல விளிம்புத் தொப்பி என்று ஒவ்வொரு குடும்பமும் சிறு சந்தையையே சுமந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. எங்கள் தாயாருக்கு அது பெருத்த ஆறுதலாக இருந்தது. "நம் ஊரில் நாம்தான் மூட்டை முடிச்சோடு போகிறவர்கள் என்று நினைத்தேன்" என்றார்.

ஸ்டேஷனிலிருந்து கடற்கரைக்குக் கால் மணி நேர நடை. அறுபதினாயிரத்துக்குச் சற்றுக் குறைவான ஜனங்கள் வசிக்கும் ஊர். மாடிக் கட்டடங்கள் அதிகம் இல்லை. தாகோயே என்ற சிற்றாறு, தான் கடலில் கலக்கப் போகிறோம் என்பதையே மறந்துவிட்டதுபோல் மெள்ள மெள்ள ஓடுகிறது. கரையோரமாகச் செல்லும் நெடுஞ்சாலையைக் கடந்தால் கண் முன்னே கடல்.

பெண்கடல்

முதலில் எங்கள் குழந்தைகளுக்குச் சிறிது ஏமாற்றந்தான். மணல் வெள்ளை வெளேர் என்று இல்லை; சாம்பலைக் கரியோடு கலந்தாற்போன்ற நிறம். அலையோ, அலை என்று சொல்லத் தகுந்ததாகவே இல்லை. சென்னைக் கடற்கரையில் இடுப்பளவு உயர்ந்து வந்து முதுகில் அறையும் அலையைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு, இது கோயில் தெப்பக்குளத்தில் காற்றடித்தாற்போல் தோன்றியது.

ராமேசுவரத்துப் பக்கத்து மீனவர்கள் கடலை இரண்டாகப் பிரித்துப் பேசுவார்கள். பாக் ஜலசந்திப் பக்கம் அமைதியாகக் கிடப்பது பெண்கடல். மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிப்பது ஆண்கடல். அந்தக் கணக்கில் ஜூஷி சந்தேகமின்றிப் பெண்கடல். அதன் காரணத்தைத் தேசப் படத்தைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். வடக்கே ஓஸாகி என்ற மலைமுனை கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. தெற்கே ஹயாமாவின் கரை முன்னால் வந்திருக்கிறது. பஸிபிக் மகா சமுத்திரத்திலிருந்து வரும் அலை, இந்த இரு முனைகளிலும் மோதித் தன் பலத்தில் பெரும் பகுதியைச் செலவழித்துவிடுகிறது. எஞ்சிய அலை உள்ளே நுழைந்ததும் விசிறி போல விரிந்து வளைகிறது. பத்துப் பேருக்குச் செய்த பாயசத்தை நூறு பேருக்குப் பரிமாறினால் ஆளுக்கு எத்தனை கரண்டி கிடைக்கும்? அதே கணக்குப்படிதான் கரையின் ஒவ்வோர் அடிக்கும் அலை கிடைக்கிறது. போதாக்குறைக்குத் தரையும் சிறுகச் சிறுகவே சரிகிறது. நீரில் வெகு தூரம் நடந்த பிறகும் எங்கள் பத்து வயதுப் பையனுக்கு மார்பளவு ஜலந்தான்.

ஏமாற்றம் பத்து நிமிஷத்துக்கு மேல் நீடிக்கவில்லை. பெரியவர்கள் கையைப் பிடித்துக்கொள்ளாமல், "போகாதே, போகாதே!" என்று கரையிலிருந்து கூவாமல், குழந்தைகள் தாங்களாகவே கடலுக்குள் நடந்து போவது எப்படிப்பட்ட ஆனந்தம் என்பதை அன்றுதான் அவர்கள் கண்டார்கள். நாங்களும் கண்டோம். கடற்கரைக்குப் போனால் குழந்தைகளின் கையைப் பிடித்தே பழகிப்போன எங்கள் இல்லாள், அன்று மணலில் உட்கார்ந்து அரை மணி நேரம் சும்மா இருந்தாள். கலியாணமான பதினைந்து வருஷங்களில் கடற்கரையில் அப்படி இருந்தது அதுவே முதல் தடவை என்பது அவளுடைய வாக்குமூலம்.

கடல் வீடுகள்

ஜப்பானில் கடல் ஸ்நானத்துக்கு ஒரு பருவம் உண்டு. ஜூன் கடைசியிலோ ஜூலை ஆரம்பத்திலோ "கடல் திறப்பு" நடக்கிறது. ஆகஸ்டு முடிந்து சில நாட்களுக்குள் கடலை "மூடி" விடுகிறார்கள். இந்த இரண்டு மாதங்களுக்காக மணலின் மேல் மரத்தாலான கொட்டகைகளை வரிசையாகக் கட்டுகிறார்கள். "உமி நோ இயே", அதாவது கடல் வீடு என்று அவற்றுக்குப் பெயர். கட்டணம் கொடுத்தால் உடை மாற்ற அறை, நல்ல தண்ணீரில் குளிக்க ஷவர், மூட்டை முடிச்சுகளை வைக்க இடம், படுத்துப் புரளப் பாய் எல்லாம் கிடைக்கும். பருவம் முடிந்ததும் பலகை பலகையாகப் பிரித்து எடுத்துச் சென்றுவிடுவார்கள். நம் ஊரில் திருவிழாவுக்குப் பந்தல் போட்டுப் பிரிப்பது போலத்தான்.

ஆகார விஷயத்தில் மாமிசம் தொடாதவர்கள் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொள்ள வேண்டும். வறுத்த நூடுல்ஸில் இறைச்சித் துண்டு ஒளிந்திருக்கும். ஸகாமி விரிகுடாவில் பிடிக்கும் "ஷிராஸு" என்னும் பொடி மீனைச் சோற்றின் மேல் கொட்டிக் கொடுப்பது இந்தப் பக்கத்தின் பெருமை. எங்கள் கூட்டத்தைக் காப்பாற்றியவை தம்பி மனைவி கட்டிக் கொண்டுவந்த புளியோதரையும், "காகிகோரி" என்ற ஐஸ் சீவலும்தான். பனிக்கட்டியைப் பூப்போலச் சீவி, மேலே பழப் பாகை ஊற்றித் தருகிறார்கள். தாயார் இரண்டு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு, "ஜலதோஷம் வந்தால் வரட்டும்" என்று சொல்லிவிட்டார்.

அருகில் ஒரு ஜப்பானியக் குடும்பத்தார் தர்ப்பூசணிப் பழத்தை மணலில் வைத்து, ஒரு சிறுமியின் கண்ணைக் கட்டி, கையில் தடியைக் கொடுத்து, சுற்றிவிட்டார்கள். "வலது பக்கம்! இடது பக்கம்! இன்னும் முன்னால்!" என்று எல்லோரும் கத்த, அவள் தட்டுத் தடுமாறிச் சென்று பழத்தைப் பிளக்க வேண்டும். நம் கிருஷ்ண ஜயந்தி உறியடிக்கு இது ஒன்றுவிட்ட சகோதரி. எங்கள் பெண் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்த அந்த வீட்டுப் பாட்டி, சைகையாலேயே அழைத்துத் தடியை அவள் கையில் கொடுத்தாள். பழம் பிளந்தது யார் கையால் என்பது இன்னும் எங்கள் வீட்டில் தீராத வழக்கு. பிளந்த பழம் எல்லோருக்கும் கிடைத்தது என்பதில் மட்டும் வழக்கில்லை.

அலைக்குழந்தை

வெயில் தாழ்ந்ததும் கரையோடு வடக்கு நோக்கி நடந்தோம். வளைவின் கோடியில், மலையின் அடிவாரத்தில், சிறிய கோயில் ஒன்று இருக்கிறது. அதில் உறைபவர் "புடோ". சம்ஸ்கிருதத்தில் அசலர் என்று பெயர் பெற்று, பௌத்த மதத்தோடு நம் தேசத்திலிருந்து சென்ற தெய்வம். அசையாதவர் என்று பொருள். ஆனால் ஜனங்கள் அந்தக் கோயிலை அழைப்பது ஒரு கதாநாயகியின் பெயரால்: "நாமிகோ புடோ".

டோகுடோமி ரோகா என்ற ஆசிரியர் 1898-99-ல் ஒரு பத்திரிகையில் தொடர்கதை எழுதினார். "ஹோடோடோகிஸு" என்பது அதன் பெயர். அது குயில் இனத்துப் பறவை ஒன்றின் பெயராகும். ரத்தம் கக்கும் வரையில் கூவும் என்று அந்தப் பறவையைப் பற்றி ஒரு நம்பிக்கை உண்டு. கதாநாயகி நாமிகோ ஒரு ஸேனாதிபதியின் மகள். கடற்படை அதிகாரி ஒருவருக்கு மனைவி. தம்பதிகள் ஒருவர்மேல் ஒருவர் உயிராக இருக்கிறார்கள். நாமிகோவுக்குக் க்ஷயரோகம் வருகிறது. ஜூஷிக்கு வந்து கடற்காற்றில் உடம்பைத் தேற்றிக்கொள்கிறாள். புருஷன் கடலில் இருக்கும் சமயம் பார்த்து, குலம் தழைக்காது என்று சொல்லி மாமியார் அவளைத் தள்ளிவைத்துவிடுகிறாள். பெண் பிறந்த வீட்டில் உயிரை விடுகிறாள். ஜப்பான் தேசமே இந்தக் கதைக்காக அழுதது. கதையில் வரும் கோயிலுக்கே அவள் பெயர் நிலைத்துவிட்டது. கோயிலுக்கு எதிரே, கடல் நீருக்குள்ளேயே, கதையின் பெயரைப் பொறித்த கல் ஒன்றை 1933-ல் நாட்டியிருக்கிறார்கள்.

இந்த ரோகா 1906-ல் ருஷ்யாவுக்குச் சென்று டால்ஸ்டாய் முனிவரை அவருடைய கிராமத்திலேயே கண்டு தங்கி வந்தவர். அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின்னர்தான் டால்ஸ்டாய்க்கும் காந்தியடிகளுக்கும் கடிதப் போக்குவரத்து ஏற்பட்டது என்பதை நேயர்கள் நினைவுகூரலாம்.

"நாமி" என்றால் அலை. "கோ" என்றால் குழந்தை. நாமிகோ, அலைக்குழந்தை. அந்தச் சொல்லை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்; மறுபடியும் தேவைப்படும்.

ஓர் ஊரின் முடிவு

இதே கடற்கரையில் முற்றிலும் வேறுவிதமான இன்னொரு கதைக்கும் ஞாபகச் சின்னம் உண்டு. ஜூஷியில் வளர்ந்த இஷிஹாரா ஷின்டாரோ என்ற இளைஞர், மாணவராக இருக்கும்போதே, 1955-ல் "டையோ நோ கிஸெட்ஸு" என்ற கதையை எழுதினார். "சூரியப் பருவம்" என்று சொல்லலாம். பணக்கார வீட்டுப் பிள்ளைகள், பாய்மரப் படகு, குடி, கூத்து, யாருக்கும் அடங்காத வாலிபம் இவைதான் கதை. பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். பெரிய இலக்கியப் பரிசும் அதற்கே கிடைத்தது. அத்தகைய இளைஞர்களுக்குச் "சூரிய குலத்தார்" என்ற பெயரும் வழங்கலாயிற்று. பிற்காலத்தில் அவர் டோக்கியோவின் கவர்னராகவும் இருந்தார்.

ஆக, கடற்காற்றில் தேறவந்த நாமிகோவுக்கும் கூத்தடிக்கவந்த சூரிய குலத்தாருக்கும் இந்தக் கரை பொது. ஒருவர் மற்றவரைத் துரத்தாத வரையில் தொல்லை இல்லை. ஆனால் 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் துரத்தல் தொடங்கியது. கடல் வீடுகளில் சில, இரவு நடனசாலைகளாக மாறின. ஒலிபெருக்கிச் சத்தத்தில் மணலே அதிர்ந்தது. பட்டப்பகலில் குடித்துவிட்டு விழுந்து கிடப்பவர்களைத் தாண்டிக்கொண்டு குழந்தைகளை அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. குடும்பஸ்தர்கள் மெள்ள ஒதுங்கிக்கொண்டார்கள். 2013-ஆம் ஆண்டுக் கோடையில் கடற்கரைக்கு அருகிலேயே ஒரு கொலையும் நடந்தது.

ஊராருக்குப் பொறுமை போய்விட்டது. 2014-ல், கோடை பிறக்கும் முன்பே, நகரசபை ஒரு சட்டம் செய்தது. மணலில் குடிக்கக் கூடாது. ஒலிபெருக்கி வைத்துப் பாட்டுப் போடக் கூடாது. அடுப்பு மூட்டி இறைச்சி சுடக் கூடாது. பச்சை குத்திய உடம்பை வெளியில் காட்டிப் பிறரை மிரட்டக் கூடாது. ஜப்பானில் ரௌடிக் கூட்டத்தார் உடல் முழுதும் பச்சை குத்திக்கொள்ளும் வழக்கம் உண்டு. அதனால்தான் இந்த விதி. ஜப்பானிலேயே இவ்வளவு கடுமையான கடற்கரைச் சட்டம் கிடையாது என்று பத்திரிகைகள் எழுதின.

சட்டம் செய்வது எளிது. அதன் விலையைக் கொடுப்பது கடினம். "வியாபாரம் படுத்துவிடும்" என்று கடல் வீட்டுக்காரர்கள் பலமாக ஆக்ஷேபித்தார்கள். அவர்கள் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. அந்தக் கோடையில் ஜூஷிக்குக் குளிக்க வந்த ஜனங்களின் தொகை முந்திய ஆண்டில் இருந்ததில் சுமார் பாதியாகக் குறைந்துவிட்டது. இரண்டு மாத வரும்படியை நம்பி மரக் கொட்டகை போட்டவர்களுக்கு அது சாமானிய அடி அன்று. பணமா, குழந்தைகளா என்ற கேள்வி ஒரு நகரத்தின் முன்னால் அவ்வளவு பச்சையாக வந்து நிற்பது அபூர்வம். நகரசபை சட்டத்தைத் தளர்த்திவிடவில்லை. அக்கம்பக்கத்துக் கடற்கரை ஊர்களிலும் கட்டுப்பாடுகள் ஒவ்வொன்றாக வரலாயின.

நாங்கள் சென்ற அன்று, கரைக்கு இறங்கும் இடத்தில் இந்த விதிகளைப் படமாக வரைந்த பலகை நின்றது. புட்டியின் மேல் ஒரு சிவப்புக் கோடு, ஒலிபெருக்கியின் மேல் ஒரு சிவப்புக் கோடு. யாரும் அதை நின்று படிக்கவில்லை. படிக்க வேண்டிய அவசியமும் இருந்ததாகத் தெரியவில்லை. வாலிபர்களும் நிறைய வந்திருந்தார்கள். சிரித்துக்கொண்டும் பந்தாடிக்கொண்டும்தான் இருந்தார்கள். மாலையில் ஒவ்வொரு குடும்பமும் தன் குப்பையைத் தன் பையிலேயே கட்டிக்கொண்டு புறப்பட்டதைக் கண்டோம். தர்ப்பூசணித் தோல்கூட மிஞ்சவில்லை.

"அலையே இல்லையே, அப்பா!"

பலகைகளில் இன்னொரு வகையும் உண்டு. ஊர்த் தெருக்களில், பெரிய அலை ஒன்றும், மேட்டை நோக்கி ஓடும் மனிதன் ஒருவனுமாகப் படம் போட்டு, எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று அம்புக்குறி காட்டியிருக்கிறார்கள். பையன் அதைப் பார்த்துவிட்டு, "அலையே இல்லையே, அப்பா! இந்தக் கடலுக்கு எதற்கு இந்தப் பலகை?" என்று கேட்டான்.

நியாயமான கேள்வி. 1923-ஆம் ஆண்டு ஸெப்டம்பர் முதல் தேதி, மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு இரண்டு நிமிஷம் முன்னால், இந்த ஸகாமி விரிகுடாப் பிரதேசத்தில்தான் பெரும் பூகம்பம் பிறந்தது. டோக்கியோவும் யோகோஹாமாவும் எரிந்து, லக்ஷத்துக்கு மேற்பட்ட உயிர்கள் மாண்டன. அன்று இந்தக் கரையோர ஊர்களைக் கடலும் பொங்கி வந்து தாக்கியது. நாமும் 2004-ஆம் ஆண்டு மார்கழியில் கற்றுக்கொண்ட சொல்தான்: சுனாமி. "ட்ஸு" என்றால் துறைமுகம்; "நாமி" அலை. துறைமுகத்து அலை. நடுக்கடலில் படகுக்காரர்களுக்குத் தெரியாமலே அடியில் ஓடிவரும் அந்த அலை, ஆழம் குறைந்த கரையை நெருங்கும்போதுதான் எழுந்து நிற்கும். சாதாரண அலையை விரித்துத் தணிக்கும் வளைவு, சுனாமியைச் சில சமயம் குவித்து உயர்த்தியும் விடும். குழந்தைகளுக்கு ஏற்றது என்று நாம் கொண்டாடுகிற அதே ஆழமின்மையும் அதே வளைவும் அந்த ஒரு நாளில் எதிரிகளாகிவிடக் கூடும்.

இதை ஜப்பானியர் குழந்தைகளிடம் மறைப்பதில்லை. சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட கொடி ஒன்றை 2020-ல் சுனாமிக் கொடியாக ஏற்படுத்தியிருக்கிறார்கள். காது கேளாதவர்களும், நீருக்குள் இருப்பதால் சங்கொலி காதில் விழாதவர்களும் அதைப் பார்த்துக் கரையேறிவிடலாம். தம்பியின் ஏழு வயதுப் பெண், "கொடியைக் கண்டால் வாளியை எடுக்கக் கூடாது, செருப்பைத் தேடக் கூடாது, மேட்டுக்கு ஓட வேண்டும்" என்று எங்களுக்குப் பாடம் நடத்தினாள். சொல்லி முடித்துவிட்டு மறுபடியும் தண்ணீருக்குள் ஓடிப்போனாள். பயமும் இல்லை, மறதியும் இல்லை. அந்த வயதில் இரண்டையும் ஒருங்கே தவிர்க்கக் கற்றுக்கொடுத்திருக்கும் உபாத்தியாயர்களை, அதே தொழிலில் இருக்கும் நாங்கள் மனதார வணங்கினோம்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்

ஜூஷிக்குப் போக விரும்பும் நேயர்கள் ஆகஸ்டு நடுப்பகுதிக்குள் போய்விடுவது நல்லது. அப்போது "ஓபோன்" என்னும் முன்னோர் பண்டிகை வருகிறது. அந்த நாட்களில் கடலில் இறங்கினால் ஆவிகள் காலைப் பிடித்து இழுக்கும் என்று ஜப்பானியப் பாட்டிமார் குழந்தைகளை எச்சரிப்பார்கள். ஆடி அமாவாசையன்று பித்ருக்களை நினைத்துக் கடலில் முழுகும் நமக்கு இது தலைகீழாகத் தோன்றும். ஆனால் பாட்டிமார் சொல்லில் ஒரு விஷயம் இருக்கிறது: அந்தச் சமயத்தில்தான் சொறி மீன்கள் கரையருகே பெருகுகின்றன. காலைப் பிடிப்பவை அவைதாம்!

நீந்தும் எல்லையை மிதவைகள் கட்டி வரையறுத்திருப்பார்கள். உயிர்காப்போர் ஏற்றும் கொடி நீலமானால் இறங்கலாம், மஞ்சளானால் கவனம், சிவப்பானால் கரையிலேயே ஐஸ் சீவல் சாப்பிடலாம். ப்யூஜி மலையைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் குளிர்காலத்தில் போக வேண்டும். கோடையில் மூட்டத்தில் மறைந்துவிடும். எங்களுக்கு அதிர்ஷ்டம் இருந்தது. பொழுது சாயும் நேரத்தில் எனோஷிமாத் தீவுக்கு அப்பால் வானம் சிவந்தபோது, பகல் முழுதும் இல்லாத மலை ஒரு கறுப்புக் கோடாக எழுந்து நின்றது. கரையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் ஒரு கணம் அந்தப் பக்கம் திரும்பினார்கள். யாரும் சத்தம் போடவில்லை. தண்ணீர் மணலைத் தொட்டுத் திரும்பும் ஓசை நன்றாகக் கேட்டது. அந்த ஓசை மீண்டும் கேட்கவேண்டும் என்பதற்காகத்தான் ஓர் ஊர் தன் வரும்படியில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தது.